எட்டு மாதம் குறைந்த பென்சன்

மாமாவின் சேவைக் கணக்கில் எட்டு மாதம் இடித்தது. அதைச் சரிசெய்ய எங்களுக்குப் பதினாறு மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம், இல்லாத ஒரு காகிதத்தைத் தேடியே போனது. அந்த முட்டாள்தனத்தில் பெரும்பங்கு என்னுடையது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவள். ஊர் மலேசியாவின் சிலாங்கூரில், ரவாங்கிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு தோட்டப்பட்டணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த வீடு, அவ்வளவுதான். எனக்கு ஐம்பது தாண்டியும் அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அவர் 1955-இல் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போக, இவர் மட்டும் பட்டணத்தில் லோங்காங் (சாக்கடை) சுத்தம் செய்கிற வேலைக்குப் போனார். நாள் சம்பளம்தான். ஆனாலும் ‘கவர்மெண்டு வேலை’ என்று லயத்தில் ஒரு மரியாதை இருந்தது. பெண் கொடுத்ததே அதற்காகத்தான் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். வேலை கொடுத்தது ஓர் உள்ளூராட்சி அலுவலகம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. கதவைச் சாத்தியவரும் அங்கே இருந்தார், ஸ்டோர் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அங்கேதான் இருந்தார்.

விவகாரம் கிளம்பியது 2022 கோயில் திருவிழாவில், பந்தியில். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் மாமாவோடு ஒரே தண்டலுக்கு (மேஸ்திரிக்கு) கீழே வேலை பார்த்த பழைய கூட்டாளி. பேச்சு எப்படியோ பென்சனுக்குப் போயிருக்கிறது. அவருக்கு மாதம் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). மாமாவுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு பேரும் ஒரே வருடம் விளக்குமாறு பிடித்தவர்கள். மாமா பாயசம் வருமுன்னே எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சேவைப் புத்தகத்தின் நகலோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

கணக்கைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. அரசாங்கப் பென்சன் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை. சேவை செய்த மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும். 2009 முதல் ஓய்வு பெற்றவர்களுக்கு 360 மாதம் வரை கணக்கில் வரும், அதாவது கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு வரை. பணிக்கொடை தனி: மாதங்கள், கடைசிச் சம்பளம், அதில் ஏழரை விழுக்காடு. மாமா 58 வயதில், 2013 மே மாதம் வேலையை விட்டார். கடைசிச் சம்பளம் 1,450 ரிங்கிட். சேவைப் புத்தகத்தில் நியமனத் தேதி 1.1.1989. ஆக 292 மாதம், பென்சன் 705 ரிங்கிட் 67 காசில் தொடங்கியது.

வினை அந்த 292-இல் இருந்தது. குறைந்தபட்ச பென்சன் என்று ஒன்று உண்டு. 2016 ஜூலையில் அது 950 ரிங்கிட் ஆனது, 2018-இல் 1,000 ஆனது. ஆனால் அது 25 வருடச் சேவை முடித்தவர்களுக்குத்தான். 25 வருடம் என்றால் 300 மாதம். மாமாவுக்கு எட்டு குறைகிறது.

ஓய்வு வயதை 60 ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பு 2012-இலேயே வந்தது. மாமாவின் முழங்கால் போதும் என்றது, அவரும் 58-லேயே நின்றுகொண்டார். இன்னும் எட்டு மாதம் விளக்குமாறைப் பிடித்திருந்தால் இதை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

“நான் சேர்ந்தது எண்பத்தி நாலு பாப்பா. மாசி மகம் முடிஞ்ச கையோட. எண்பத்தொம்பதுன்னு யாரு எழுதுனா?”

அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நான் போன தப்பான வழியை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பலரும் அதே வழியில்தான் போகிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சம்பளச் சண்டை என்றால் கூட்டு ஒப்பந்தம். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954-இல் அமைந்தது. முதலாளிகள் பக்கம் மாப்பா என்ற அவர்களுடைய சங்கம். இரு தரப்பும் பேசி, எழுதி, கையெழுத்துப் போட்ட புத்தகம்தான் சட்டம். அத்தை பால்வெட்டிய காலத்தில் கிலோவுக்கு எவ்வளவு, மழை நாளுக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் தொழிலியல் நீதிமன்றத்தில் ஏறிவிடும். எண் இருக்கும், தேதி இருக்கும், தேடினால் கிடைக்கும். அதே பழக்கத்தில் நான் அலுவலகத்துக்கு எழுதிய முதல் கடிதத்தில், 1980-களில் துப்புரவு ஊழியர்களுக்கு நடைமுறையில் இருந்த கூட்டு ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: அப்படி ஒரு ஆவணம் இல்லை.

ஒளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் மூன்று இடத்துக்கு எழுதினேன். கடைசியில் என் பழைய அலுவலகத்து வழக்கறிஞருக்குப் போன் போட்டபோது அவர் சிரித்துவிட்டு, “அம்பத்திரண்டாவது பிரிவைப் படிச்சீங்களாம்மா?” என்றார்.

படித்திருக்கவில்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தில் கூட்டுப் பேரம் பற்றிய பகுதி அரசாங்க வேலைக்கும் சட்டபூர்வ அமைப்புகளின் வேலைக்கும் பொருந்தாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அலுவலகம் பொய் சொல்லவில்லை. நான்தான் தோட்டத்துக் காகிதத்தைக் கவர்மெண்டு அலமாரியில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அரசாங்கத்தில் சம்பளத்தை எது தீர்மானிக்கிறது? மேலேயிருந்து ஒரு ஆணையமோ குழுவோ அறிக்கை கொடுக்கும். 1967-இல் சுஃபியான் ஆணையம், 1976-இல் அமைச்சரவைக் குழு, 1992 ஜனவரியில் புதிய சம்பள முறையான எஸ்.எஸ்.பி., 2002 நவம்பரில் எஸ்.எஸ்.எம்., இப்போது 2024 டிசம்பரிலிருந்து எஸ்.எஸ்.பி.ஏ. ஒவ்வொன்றும் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.யின் சுற்றறிக்கையாக இறங்கும். எஸ்.எஸ்.பி.க்கு 1991-இன் 9-ஆம் எண் சுற்றறிக்கை, எஸ்.எஸ்.எம்.முக்கு 2002-இன் 4-ஆம் எண். ஊழியர் கையில் வருவது ஒரு ‘ஒப்ஷன்’ பாரம். புதிய முறைக்கு மாறுகிறேன், அல்லது பழையதிலேயே இருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. கீழ்மட்டத்தில் நிர்வாகமும் ஊழியரும் உட்கார்ந்து பேச இலாகா கூட்டு மன்றம் என்று ஒன்று இருக்கும், சங்கத்துக்காரர்கள் எம்.பி.ஜே. என்பார்கள். அங்கே முடிவானது கூட்டக் குறிப்பில் ஒரு பத்தியாக நிற்கும்.

ஆகவே ‘ஒப்பந்தம்’ என்று ஒரே புத்தகம் கிடையாது. நியமனக் கடிதம், சுற்றறிக்கை, ஒப்ஷன் பாரம், கூட்டக் குறிப்பு, சம்பளப் பதிவேடு என்று ஐந்து இடத்தில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து வைத்தால் அதுதான் ஒப்பந்தம். இது புரிந்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

முதல் தேடல் மாமா வீட்டு பிஸ்கட் டின்னில். கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புப் பத்திரம், எப்போதோ வாங்கிய ரேடியோவின் ரசீது, இவற்றுக்கு நடுவே ஏழெட்டுச் சம்பளச் சீட்டுகள், சங்க அட்டை, 1992 ஒப்ஷன் பாரத்தின் கார்பன் நகல். நியமனக் கடிதம் இல்லை. வெள்ளத்தில் போய்விட்டது என்றார் மாமா. எந்த வெள்ளம் என்று கேட்டதற்கு மாமாவும் அத்தையும் வேறு வேறு வருடம் சொல்லி அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

அந்தக் கார்பன் நகலில் இரண்டு உபயோகமான விஷயங்கள் இருந்தன. ஒன்று, மாமாவின் கையெழுத்து தமிழில். அவர் பெயரை மலாய் எழுத்தில் ஒவ்வொரு கிராணியும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். மூன்று சீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல். ஒரே ஆள்தான் என்று காட்ட அந்தத் தமிழ்க் கையெழுத்து பின்னால் கைகொடுத்தது. இரண்டாவது, பழைய அடையாள அட்டை (ஐ.சி.) எண். பன்னிரண்டு இலக்க எண் வந்ததே 1990-இல்தான். அதற்கு முந்தைய பதிவேடு எதிலும் புது எண் இருக்காது. புது எண்ணை வைத்துத் தேடிவிட்டு ‘ரெக்கார்டு இல்லை’ என்பவரிடம் பழைய எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து ஊழியர் சேமநிதி. இதை நான் மூன்றாவதாகச் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும். பென்சன் தகுதி கிடைக்கும்வரை இப்படிப்பட்ட ஊழியருக்குச் சேமநிதியில்தான் பணம் கட்டுவார்கள். தகுதி கிடைத்ததும், முதலாளி என்ற முறையில் கட்டிய பங்கு வட்டியோடு அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். ஊழியரின் பங்கு ஊழியருக்கு. முகப்பில் பழைய எண்ணைக் கொடுத்துக் கணக்கு விவரம் கேட்டோம். வந்த தாளில் முதல் சந்தா 1984 ஏப்ரல், அதாவது மார்ச் மாதச் சம்பளத்துக்கு.

மாமா அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. முகப்பில் இருந்த பெண் அடுத்த எண்ணைக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

இதைக் கொண்டு போய் அலுவலகத்தில் நீட்டினால் விஷயம் முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. வேலை பார்த்தார் என்பதற்கு இது ஆதாரம், சரி. ஆனால் என்ன தகுதியில் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். நாள் சம்பளக்காரரா, மாதச் சம்பளக்காரரா? கூட்டாளியின் நியமனக் கடிதத்தைக் காட்டினேன். அது அவருக்கு, இவருக்கு அல்ல என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கோலாலம்பூருக்கு ஒருநாள் போனேன். ரவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி, அப்புறம் கிராப் வாடகைக் கார் பிடித்து, ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். தனி ஊழியரின் கோப்பு அங்கே கிடைக்கும் என்று யாரும் நம்பிப் போகவேண்டாம். எனக்கு மாமாவைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூடக் கிடைக்கவில்லை. பட்டியலில் இன்றைய அலுவலகப் பெயரைப் போட்டால் பழைய கோப்பு எதுவும் வராது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். சானிட்டரி போர்டு, டவுன் போர்டு, அப்புறம் மாவட்ட மன்றம் என்று ஒரே ஊருக்கே எத்தனை பெயர்! 1960-களின் நடுவில் ஆதி நாகப்பன் தலைமையில் உள்ளூராட்சி பற்றி ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். நம்மவர் ஒருவர் தலைமையில் நடந்த ஆய்வு என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு 1973-இல் தற்காலிகச் சட்டம், 1976-இல் உள்ளூராட்சிச் சட்டம் என்று வந்து, சின்னச் சின்ன வாரியங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். அதற்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் தேடும்போது மூன்று பெயரிலும் தேட வேண்டும். மாமா 1984-இல் சேர்ந்தவர் என்பதால் அந்தத் தலைவலி எங்களுக்கு இல்லை.

திருப்பம் வந்தது ஊரிலேயே, அதுவும் ஒரு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில்.

சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவர் ஒருவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். அவர் வீட்டுப் பின்கட்டில் இரும்பு அலமாரி. அதற்குள் எம்.பி.ஜே. கூட்டக் குறிப்புகள், வருடவாரியாக, ஓலைக் கட்டுபோலக் கயிறு கட்டி. பூட்டு இல்லை, பாதித் தாளைக் கரையான் தின்றிருந்தது. “யாராவது ஒருநாள் வந்து கேப்பாங்கன்னு வெச்சிருந்தேன்மா. முப்பது வருசத்துல நீங்கதான் மொத ஆளு,” என்றார். அவர் மனைவி ‘எடுத்துக்கிட்டே போயிடுங்க’ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

1986 கட்டில் இருந்தது அந்தப் பக்கம். ஸ்டென்சில் வெட்டிச் சுற்றிய தாள், மங்கிய நீல மை. துப்புரவுப் பிரிவின் நாள் சம்பள ஊழியர்களை 1.7.1986 முதல் மாதச் சம்பளத்துக்கு மாற்றுவதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக மூன்று வரி. பெயர் எதுவும் இல்லை, ஆள் எண்ணிக்கை மட்டும். மாமா சொன்ன மார்ச் 1984-ம் இல்லை, புத்தகத்தில் இருந்த ஜனவரி 1989-ம் இல்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு தேதி.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “நான் சேர்ந்தது எண்பத்தி நாலு,” என்றார் மறுபடியும். ஆனால் எனக்கு அந்த மூன்று வரிதான் கயிற்றின் நுனி. 1986 ஜூலை என்று நிரூபித்தாலே 30 மாதம் கூடும். நமக்கு வேண்டியது எட்டு.

இனி வேண்டியது, அந்த மாற்றப்பட்ட ஆட்களில் மாமாவும் ஒருவர் என்று காட்டும் சம்பளப் பதிவேடு. அது அலுவலகத்தில்தான் இருக்க முடியும். சிலாங்கூரில் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. மாநில அரசின் இலாகாக்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் அது பொருந்தும், கூட்டரசு இலாகாக்களுக்குப் பொருந்தாது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். பாரத்தில் எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். முப்பது நாளில் பதில்.

முதல் விண்ணப்பத்தில் மாமாவின் ‘சேவைக் கோப்பு முழுவதும்’ என்று கேட்டேன். ‘பதிவேடு கிடைக்கவில்லை’ என்று பதில். இரண்டாவதில் கேள்வியை மாற்றினேன். துப்புரவுப் பிரிவின் சம்பளப் பதிவேடு, 1986 ஜூலை முதல் 1988 டிசம்பர் வரை. அது அழிக்கப்பட்டிருந்தால், அழிக்க அனுமதி கொடுத்த கடிதத்தின் நகல். 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, காப்பகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த அரசாங்க அலுவலகமும் பொதுப் பதிவேட்டை அழிக்க முடியாது. அதையும் பணிவாக ஒரு வரியில் சேர்த்தேன்.

பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. ஸ்டோர் சாவிக்காரர் என்று முதலில் சொன்னேனே, அவர்தான். சின்னப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. பழைய கட்டடத்து ஸ்டோரில், தேர்தல் சாமான்களுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் 1986, 1987 பதிவேடுகள் இருக்கின்றன. 1988 இல்லை என்றார். வரிசையாகப் பெயர்கள், பழைய அடையாள அட்டை எண், மாதத் தொகை, கையெழுத்து. 1986 ஜூலைப் பக்கத்தில் பதினோராவது பெயர் மாமா. எழுத்துக்கூட்டல் நான்காவது தினுசு. கையெழுத்துத் தமிழில்.

அப்போதும் ஒரு தடை வந்தது. அது பொருளாதார மந்தக் காலம். அரசாங்கம் புது வேலை எதுவும் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க 1986-இல் எப்படி மாதச் சம்பளத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார். நல்ல கேள்விதான். கூட்டக் குறிப்பிலேயே பதில் இருந்தது: ஏற்கெனவே வேலையில் உள்ளவர்களின் சம்பள முறை மாற்றம், புதிய பணியிடம் எதுவும் இல்லை. 1989 எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாவிக்காரப் பையனே ஒரு காரணம் சொன்னார். அந்த வருடம் சேவைப் புத்தகங்களைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பழைய கடிதம் கோப்பில் இல்லாதவர்களுக்குப் புத்தகம் திறந்த தேதியையே நியமனத் தேதியாகப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அதை எழுத்தில் தருவதற்கு யாரும் முன்வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்று சிலர் கேட்டார்கள். அரசாங்க அமைப்பின்மேல் வழக்குப் போடப் பொது அதிகார அமைப்புகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதத்தில் கதவை மூடிவிடும். சாதாரணக் கால வரம்பு என்று பார்த்தாலும் ஆறு வருடம். போதாததற்கு, பென்சன் யாருக்கும் முழு உரிமை அல்ல என்று 1980-ஆம் ஆண்டின் பென்சன் சட்டமே சொல்கிறது. வழக்குப் போட்டால் முதல் நாளே தேதியைக் காட்டித் தள்ளியிருப்பார்கள். பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்துங்கள் என்று கேட்பது வேறு விஷயம். அலுவலகம் திருத்தி எழுதி அனுப்பினால், ஜே.பி.ஏ.யின் ஓய்வூதியப் பிரிவு கணக்கை மறுபடி போட வேண்டும். நாங்கள் அந்த வழியில்தான் போனோம்.

முடிவு கடிதமாக வந்தது. நியமனத் தேதி 1.7.1986 என்று திருத்தம். சேவை 322 மாதம். 2013-இல் தொடங்கியிருக்க வேண்டிய பென்சன் 778 ரிங்கிட் 17 காசு, அதாவது மாதம் 72 ரிங்கிட் 50 காசு கூடுதல். பணிக்கொடைப் பாக்கி 3,262 ரிங்கிட் 50 காசு. இதையெல்லாம்விட, 300-ஐத் தாண்டியதால் ஆயிரம் வெள்ளி.

1984 மார்ச்சிலிருந்து 1986 ஜூன் வரை, 28 மாதம், நாள் சம்பளக் காலம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அந்த 28 மாதத்துக்குக் கட்டிய முதலாளி பங்கையும் சேர்த்துத்தான் சேமநிதியிலிருந்து அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. பணத்தை எடுத்துக்கொண்டு மாதத்தை மட்டும் விடுவது எப்படி என்று ஒரு மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மாமா அதில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நகலை பிஸ்கட் டின்னில் ரேடியோ ரசீதுக்கு மேலே வைத்தார்.

போன வாரம் அடுத்த லயத்திலிருந்து ஓர் அம்மா பிளாஸ்டிக் பையோடு வந்தார். கணவர் ரோட்டு வேலை செய்தவர், போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. பையைப் பிரிக்கும் முன்னாலேயே கேட்டுவிட்டேன்: “அக்கா, அவரோட பழைய ஐ.சி. நம்பர் எங்கயாவது இருக்கா?”